முன்னறிவித்தல் கொடுத்துச் செய்த புரட்சி

சயாமில் படை அரசரின் அதிகாரத்தைப் பறித்துவிட்டது என்ற செய்தி, ஒரு சனிக்கிழமை காலை கொழும்பு ரயிலில் மீன் கூடைகளோடு கண்டிக்கு வந்து இறங்கியது. 1932ஆம் ஆண்டு, ஆனி மாதம். பத்திரிகை அதற்கு ஒதுக்கியிருந்த இடம் தீப்பெட்டி அளவு. பக்கத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஒரு பத்தி முழுவதையும் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் மத்தியானத்துக்குள் கண்டியின் கொழும்பு வீதியில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

கண்டிக்குச் சயாம் தூரத்து நாடு அல்ல. இங்குள்ள பெரிய விகாரைகளின் பிக்குமார் தங்கள் பரம்பரையையே சயாமின் பெயரால்தான் சொல்லிக்கொள்வார்கள். கண்டி அரசர் காலத்தில் அங்கிருந்து துறவிகளை வரவழைத்து உண்டாக்கிய பரம்பரை அது. முஸ்லிம் மாணிக்க வியாபாரிகளுக்குப் பாங்கொக் நல்ல சந்தை. எங்களைப் போன்ற, அரசாங்க அலுவலகங்களில் எழுத்துவேலை பார்த்த தமிழ் லிகிதர்களுக்கு மட்டும் அது தேசப்படத்தில் ஒரு நிறமாகவே இருந்து வந்தது. அன்று பின்னேரத்துக்குள் நாங்களும் சயாம் நிபுணர்கள் ஆகிவிட்டோம். அங்கே கிளர்ந்தவர்களில் படை அதிகாரிகளோடு அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள், அவர்களுடைய சம்பளத்தில் கைவைத்ததும் ஒரு காரணம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் சம்பளத்திலும் அப்போதுதான் கைவைத்திருந்தார்கள். அதற்கு நாங்கள் செய்ததெல்லாம் ஒரு மகஜர் அனுப்பியதுதான். மகஜர் கிடைத்தது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கோவையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். அதே நிலைமையில் சயாம்காரர் விடியுமுன் எழுந்து ஓர் அரசாட்சியையே மாற்றிவிட்டார்கள் என்றதும் எங்களுக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு ஏறியது.

எங்கள் தமிழ் வாசிகசாலை திருகோணமலை வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. நான் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் லிகிதர், வாசிகசாலைக்குக் காரியதரிசி. அங்கே இரண்டு வகை உறுப்பினர் இருந்தார்கள். அரசாங்க உத்தியோகத்தரும் ஆங்கிலப் பரீட்சை தேறியவர்களும் முழு உறுப்பினர். கடைக்காரரும் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களும் இணை உறுப்பினர். சந்தா இரு பகுதியாருக்கும் ஒன்றுதான். அதில் மட்டும் எந்த ஏற்றத்தாழ்வும் இல்லை. இணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நீள மேசையில் இருக்க முடியாது. அன்றைய பத்திரிகை நீள மேசையில் கிடக்கும். அவர்களுக்கு யன்னலடி வாங்குப் பலகையில் முதல் நாள் பத்திரிகை.

இந்த விதிகளை எழுதியவர் எங்கள் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். வாசிகசாலை தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, பேச ஆளில்லாமல் அறையில் கிடந்த இளம் லிகிதர்களுக்காகத் தன் சொந்த அலுமாரிகளைக் கொடுத்து அந்த இடத்தை உண்டாக்கியவர். அதை அவர் மறக்கவில்லை. எங்களை மறக்க விடவும் இல்லை.

விதிகளால் மிகவும் அடிபட்டவர், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை. ஞாயிறுதோறும் பஸ்ஸில் வருவார். கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையில் குடை. அவர் பத்திரிகை வாசித்துவிட்டுப் போய் அன்று மாலையே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களைக் கூட்டிவைத்துச் செய்தி சொல்லுவார். தோட்டத்தில் அவருடைய மதிப்பு அதில்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடைப்பது சனிக்கிழமைப் பத்திரிகை. துரையின் பங்களாவில் சமையல் செய்யும் அப்புவோ, துரைமார் மேசையில் பேசுவதைக் கேட்டு அன்றன்றைய செய்தியை அன்றன்றே லயத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். கணக்கப்பிள்ளைக்குத் தோட்டத்தில் 'நேத்து சேதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலைக்கணக்குப் போடும்போது பெண்கள் வரிசையிலிருந்தே யாராவது அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்களாம். அவருக்கு முழு உறுப்பினராக வேண்டும். வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

சயாம் செய்தி வந்த மறுநாள் ஞாயிறு. நீள மேசையில் அன்றைய பத்திரிகை விரிந்திருந்தது. அரசர் தலைநகரில் இல்லை, கடற்கரை மாளிகையில் இருக்கிறார், கிளர்ச்சிக்காரரின் நிபந்தனைக்கு என்ன பதில் சொல்லப்போகிறாரோ என்று உலகமே காத்திருந்த நேரம். கணக்கப்பிள்ளை வாங்கிலிருந்து எழுந்து மேசைப் பக்கமாக இரண்டடி வைத்தார்.

"ராஜா என்னாங்க சொல்லிட்டாரு?"

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உமக்குரிய பேப்பர் யன்னலடியிலை கிடக்குது."

"அதுல ராஜா இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே."

"அப்ப நாளைக்குச் சொல்லுவார்."

"நாளைக்கு நான் மலையில நிப்பேங்க. போன வருஷம் அரசாங்க சபைக்கு ஆளனுப்ப எனக்கு வோட்டு குடுத்தாங்க. கவர்னரு எனக்குக் குடுத்த வோட்டு, இந்த மேசையில ஒரு கதிரைக்கு செல்லாதுங்களா?"

"கவர்னர் எங்கடை வாசிகசாலையிலை உறுப்பினர் இல்லை," என்றார் தலைவர்.

அது உண்மைதான். ஆனாலும் மேசையில் இருந்த பாதிப்பேர் தலைகுனிந்தோம். தபால் கந்தோரில் வேலைசெய்த ஒருவர் மட்டும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். என்னைவிட இளையவர், தந்தி அடித்து அடித்துப் பேச்சும் அதே வேகமாகிவிட்டிருந்தது. "அரசர் சம்மதிச்சிட்டார்! ஓம் எண்டு சொல்லிப்போட்டார்! கேட்டுதோ?" என்று யன்னல் பக்கம் பார்த்துச் சத்தம் வைத்தார். தலைவர் மணியை அடித்தார். வாசிப்பு நேரத்தில் பேசியதற்காக அவரை அன்றைக்கு வெளியேற்றினார். அவர் படியிறங்க, பின்னாலேயே நாங்கள் நாலைந்து பேர் இறங்கினோம். எங்கள் புரட்சி அந்தப் படிக்கட்டில்தான் தொடங்கியது.

சந்தைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் போய் இருந்தோம். தபால்காரர் என்று நாங்கள் அழைத்த அந்தத் தந்திக்காரர் மேசையில் அடித்தார். "சயாமிலை ஒரு காலமை முடிச்சுப்போட்டாங்கள். தேத்தண்ணி குடிக்கிற நேரம். நாங்களும் அடுத்த ஞாயிறு அந்தாள் வரமுந்திப் போய்க் கதிரையிலை இருந்திட வேணும். ரெண்டு தீர்மானம். ஒண்டு, எல்லாரும் சமன். மற்றது, தலைவர் வெளியிலை."

எல்லாருக்கும் இரத்தம் கொதித்தது. வாசிகசாலையை எந்த நேரத்தில் பிடிப்பது, மணியை யார் எடுத்துக்கொள்வது, கடைக்காரரிடம் சாவியை எப்படி வாங்குவது என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினோம். அப்போது நான் என் கடமையைச் செய்தேன்.

"முன்னறிவித்தல்?" என்று கேட்டேன்.

எங்கள் விதிப்படி, எந்தத் தீர்மானத்துக்கும் இரண்டு வாரத்துக்கு முன் எழுத்தில் தலைவருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்மானம் செல்லாது. சயாமில் அதிகாலையில் படையைக் கூட்டியவர்கள் அரண்மனைக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி அறிவித்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் லிகிதர்கள். செல்லாத புரட்சியைச் செய்து என்ன பயன் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. தபால்காரரே ஒரு தாளை எடுத்தார்.

அவர் எழுதிய வரைவு 'தலைவரின் கொடுங்கோன்மை' என்று தொடங்கியது. நான் அதை 'தலைவர் அவர்களின் நீண்டகாலச் சேவையை நன்றியுடன் நினைவுகூரும் அதேவேளை' என்று திருத்தினேன். அவர் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். மறுநாள் மாலை தலைவர் வாவிக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது கையில் கொடுத்தோம். அவர் நின்றபடியே வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அறிவித்தல் வாசிகசாலையிலை வைச்சுத் தரவேணும். வாவிக்கரையிலை இல்லை."

திரும்பவும் முறைப்படி கொடுத்தோம். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். தன்னை இறக்குவதற்கான அந்தத் தாளைத் தானே அறிவித்தற் பலகையில் குண்டூசி குத்தி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தார். அதற்குள் சயாமில் அரசர் தலைநகருக்குத் திரும்பி, தற்காலிக அரசியலமைப்பில் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

அந்த வாரங்களைப்போல் கண்டி விழித்திருந்து நான் பார்த்ததில்லை. முடிவெட்டும் கடையில் ஒரு பக்கம் சவரம் முடிந்தவர் மறுபக்கத்தை மறந்து எழுந்து வாதாடுவார். விகாரைப் பக்கம் போனால் பிக்குமார் தமிழனான என்னை நிறுத்தி, கச்சேரிக்கு ஏதும் தந்தி வந்ததா என்று கேட்பார்கள். அரசர் போனால் அங்கே புத்த சாசனத்தை யார் காப்பார்கள் என்பது அவர்கள் கவலை. கச்சேரியில் எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி, சயாம்காரர் அவசரப்பட்டுவிட்டார்கள், கேட்டிருந்தால் ஓர் ஆணைக்குழுவை அனுப்பியிருக்கலாமே என்றார். போன வருடம் எங்களுக்கு வாக்குரிமை அப்படித்தான் கப்பலில் வந்தது. வந்ததை யாழ்ப்பாணத்தார் பகிஷ்கரித்தார்கள் என்பது வேறு கதை.

இந்தக் கொதிப்புக்கு நடுவில் எங்கள் இணை உறுப்பினர்களில் ஒருவரான மாணிக்க வியாபாரி பாங்கொக்கிலிருந்து திரும்பி வந்தார். அவர் ஊர் வந்த செய்தி அவருடைய பெட்டிக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த ஞாயிறு வாசிகசாலையில் நிற்க இடமில்லை. இணை உறுப்பினர் மேசையிலிருந்து உரையாற்ற முடியாது என்றார் தலைவர். அவர் யன்னலடி வாங்கில் இருந்தே பேசினார். நாங்கள் கதிரைகளை எல்லாம் யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டோம்.

"நான் அங்கதான் ஈந்த. விடியச் சுபஹு தொழுதுட்டு யன்னலத் தொறந்தா, ரோட்டுல இரும்பு வண்டி. சிப்பாய்மாருக்கே வெளங்கல்ல எதுக்கு வந்த எண்டு. பயிற்சி எண்டு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்களாம். இளவரசர்மாரப் புடிச்சி மண்டபத்துல வெச்சிட்டாங்க எண்டு சொன்னாங்க. கடையெல்லாம் கதவு போட்ட. பின்னேரம் அசர் தொழுகைக்குள்ள தொறந்துட்ட."

"சுடேல்லையோ?" என்றார் தபால்காரர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"சூடெல்லாம் இல்ல. ஒருத்தனும் ஓடவும் இல்ல. வாயத் தொறக்கவும் இல்ல. நோட்டீஸ் குடுத்தாங்க. ராஜாவையும் ராஜ குடும்பத்தையும் அப்புடி ஏசி எழுதின நோட்டீஸ். அத வாங்கினவன் வாசிக்கவும் பயம், கீழ போடவும் பயம். மடிச்சிச் சட்டைக்குள்ள வெச்சிட்டான். நூத்தம்பது வருஷந்தான் அந்த வம்சம் எண்டு ஒரு பழைய பேச்சும் அங்க ஈக்கி. இந்த வருஷத்தோட நூத்தம்பது. சித்திரையிலதான் பெரிய விழா எடுத்தாங்க."

"சனம் சந்தோசமாய்த்தானே இருக்குது?"

"சந்தோஷம் ஈக்கி. ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் சந்தோஷப்படுறாங்க. காப்பிக் கடையில முந்தி விலவாசியப் பத்திச் சத்தம் போட்டவன் இப்ப மழையப் பத்திப் பேசுறான். பக்கத்து மேசையில ஈக்கிறவன் யாரு எண்டு தெரியாதே. நான் ஈந்த வீட்டுக்காரி என்னையே கேட்டா, இந்த அரசியலமைப்பு வந்தா வாடக கூடுமா கொறையுமா எண்டு."

கணக்கப்பிள்ளை முன்னால் சாய்ந்தார். "அப்ப யாரு கை ஓங்கும்னு எப்படீங்க தெரிஞ்சுக்கிறது?"

வியாபாரி சிரித்தார். "எனக்குத் தெரியும். மொத வாரம் பெரிய வீட்டுப் பொம்புளயள் பின்கதவால வந்தாங்க, நகைய வாங்கிக்கிறீங்களா எண்டு. பொறகு விக்கவும் ஆளில்ல, வாங்கவும் ஆளில்ல. நாடே மூச்சப் புடிச்சிட்டு ஈந்த மாதிரி. நான் கப்பலேற முந்தின நாள், புதுசாப் பதவிக்கு வந்த ஆபிசர் ஒருத்தர்ட பொஞ்சாதி முன்கதவால வந்தா. நல்ல நீலக்கல்லு ஈக்கா எண்டு கேட்டா. அன்டைக்கு வெளங்கின, இது நிக்கப் போற ஆட்சி எண்டு."

மாடி குலுங்கச் சிரித்தோம். பத்திரிகைக்குப் பின்னால் மறைந்திருந்த தலைவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். "அரசர் ஏன் ஓடிப்போகேல்லை?"

"போயிருக்கலாங்க. கடற்கரையிலதானே ஈந்தாரு. சண்ட வேணாமெண்டு ரயில்ல ஏறித் திரும்பி வந்தாரு. அவரே முந்தி இதக் குடுக்க நெனச்சாராம், சொந்தக்காரங்கதான் விடல்லியாம் எண்டும் ஒரு கத."

தலைவர் மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார். ஆனால் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

அந்த நோட்டீஸ் எழுதியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே வருட முடிவில் அவர்கள் அரசரிடம் போய், கடுமையாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். என்னைப்போல் ஒரு காரியதரிசி இருந்திருந்தால் வரைவிலேயே திருத்தியிருப்பான்.

எங்கள் கூட்ட நாள் வந்தது. புரட்சிப் பக்கத்தார் எல்லாரும் சலவைச் சட்டையோடு வந்தோம். தலைவர் வரவில்லை. அவருடைய பக்கத்தார் ஒருவரும் வரவில்லை. போன வருடம் ஊரில் தேர்தலுக்குச் செய்ததையே இங்கும் செய்திருந்தார்கள்: பகிஷ்கரிப்பு. கூட்டம் நடத்த வேண்டிய அளவுக்கு ஆள் இல்லை. தபால்காரர் அந்த வெறும் தலைமைக் கதிரையை உதைக்கப் போனார்.

"பொறும்," என்றேன். "ஆள் போதாமல் நிண்ட கூட்டம் ஒரு கிழமையாலை அதே நேரம் அதே இடத்திலை தானாய்க் கூடும். அண்டைக்கு எத்தினை பேர் வந்தாலும் காணும். விதி."

கதிரை தப்பியது. என்னைத் தூக்கிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார்கள். கணக்கப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தெல்தோட்டைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வெற்றி நிச்சயம் என்று எல்லாரும் நம்பினோம். ஒருவராவது நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, தலதா மாளிகையின் யானை ஊர்வலமான பெரஹராவின் பெரிய நாட்களில் ஒன்று. கண்டியில் வருடா வருடம் வருவது; எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அரசாங்க லிகிதர் ஒவ்வொருவரும் அந்த நாட்களில் விசேட கடமைக்குப் போக வேண்டும்: விருந்தினர் மேடை, போக்குவரத்து, விசேட தபால் சாளரம். புரட்சியை எதிர்த்தவருக்கும் கடமை, ஆதரித்தவருக்கும் கடமை. தபால்காரரிடமிருந்து கூட்டத்துக்கு வர முடியாமைக்கு வருந்தி ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அதைக் கூட்டக் குறிப்பில் முறைப்படி பதிந்தேன். என் முறை பொழுதுபட்ட பிறகுதான் என்பதால் நான் போயிருந்தேன். இணை உறுப்பினர்கள்தான் திரண்டு வந்திருந்தார்கள். பெரஹரா பார்க்கத் தெல்தோட்டையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் வந்தவர்கள் யன்னலடியை நிறைத்து நின்றார்கள்.

படிக்கட்டில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. தலைவர் வந்தார். வந்தவர்களே போதும் என்ற விதி அவருக்கும் தெரியும், அவர் எழுதியதல்லவா. ஆனால் அவருடைய ஓய்வுபெற்ற கூட்டாளிகள் குண்டசாலைப் பக்கமிருந்து வரவேண்டியவர்கள். வீதி முழுக்க யானையும் சனமும். வண்டி ஒன்றும் நகரவில்லை. ஆகவே முழு உறுப்பினராக அங்கே இருந்தது இரண்டு பேர். அவரும் நானும்.

அவர் தலைமைக் கதிரையில் இருந்து, முதல் தீர்மானத்தை வாசித்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. யன்னலடியைப் பார்த்துப் பேசினார்.

"நான் முகத்துக்கு நேரை சொல்லுறன். நீங்கள் வாறது எனக்கு விருப்பமில்லை. ஊரைவிட்டு வந்து தனிச்சுக் கிடந்த பெடியளுக்காக நான் இதைத் துவங்கினனான். நீங்கள் எண்ணிக்கையிலை கூட. வந்தியளெண்டால் எங்கடை வீட்டிலை நாங்கள் விருந்தாளியள்."

கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "நாங்க வந்தா மேசையத் தூக்கிட்டுப் போயிருவோமாங்க?"

"தூக்கமாட்டியள். இருப்பியள். பிறகு எழும்பமாட்டியள்."

"ஆமாங்க, எழும்பமாட்டோம். ஒக்காரத்தானே கேக்குறோம்! இத்தன வருஷமா ஐயா எழும்புனீங்களா?"

யன்னலடி வெடித்துச் சிரித்தது. தலைவரின் மீசைகூட அசைந்த மாதிரி இருந்தது. மணியை அடித்து, வாக்கெடுப்பு என்றார். சார்பாக நான் கை தூக்கினேன். எதிராக அவர் தூக்கினார். ஒன்றுக்கு ஒன்று.

நான் பேனையைக் கீழே வைத்தேன். வாக்குகள் சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. அந்த வாக்கை உள்ளது உள்ளபடியே இருக்கும் பக்கம் போடுவதுதான் எங்கும் வழக்கம். கணக்கப்பிள்ளைக்கு அந்த வழக்கம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே மாளிகைப் பக்கம் யானைகளை நடத்திப் போனார்கள். சங்கிலிச் சத்தமும் மேளக்காரர் தட்டிப் பார்க்கும் சத்தமும் மாடிவரை வந்தன.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இண்டைக்கு நான் இதை விழுத்தினால், அடுத்த மாசம் அந்தத் தபால் கந்தோர்ப் பெடியன் இன்னொரு அறிவித்தலோடை வருவான். அப்ப நிறைவேறும். அவன் வாங்கிக் குடுத்தவன் எண்டு ஊரெல்லாம் சொல்லும். இந்த வாசிகசாலையிலை ஆருக்கும் ஏதும் குடுக்கிறதெண்டால், அது நான் குடுக்கிறதாய் இருக்கட்டும். எழுதும் தம்பி. தலைவரின்ரை வாக்கு, சார்பாக."

"ஐயா, இப்பதானே எதிர்த்துக் கை தூக்கினனீங்கள்?"

"அது உறுப்பினர். இது தலைவர். உமக்கு விதி தெரியாதோ?"

தெரியும். எந்தப் பிழையும் இல்லை. எழுதினேன்.

யன்னலடியில் மாணிக்க வியாபாரி என் தோளைத் தொட்டார். "கெடச்சிட்டா, இல்லியா? ஒண்ணும் வெளங்கல்லியே!"

"கிடைச்சிட்டுது," என்றேன்.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் கீழே புடைவைக் கடைக்காரர், பெரஹரா யானை ஏதோ குழம்பிவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்தினாராம். கதிரைகள் இழுபட்டன. கணக்கப்பிள்ளை நீள மேசையில் போய் இருந்தார். இருந்தவர், அன்றைய பத்திரிகை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தும் அதைப் பார்க்கவில்லை. மேசையின் மரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

தலைவர் மணியை அடித்தார். "இன்னொரு தீர்மானம் கிடக்குது. என்னை இறக்கிறது." தன்னைப் பற்றிய தீர்மானத்தில் தான் தலைமை தாங்க முடியாது என்று சொல்லி எழுந்து தள்ளி நின்றார். வழிமொழிந்தவன் நான், நானும் தாங்க முடியாது. சற்றுமுன் முழு உறுப்பினரான மாணிக்க வியாபாரியைக் கதிரையில் இருத்தினோம். அவர் விளிம்பில் இருந்துகொண்டு, "யாராரு இவர எறக்கணும் எண்டுறீங்க? கையத் தூக்குங்க," என்றார்.

நான் தூக்கினேன். வழிமொழிந்தவன் தூக்காமல் இருக்க முடியாது. சுற்றிப் பார்த்தேன். அந்த மாடி முழுவதிலும் உயர்ந்திருந்தது என் கை ஒன்றுதான்.

"ஐயா," என்றார் கணக்கப்பிள்ளை மேசையிலிருந்து, "கைய எறக்குங்க. வலிக்கப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள், தலைவர் எல்லாரையும்விடச் சத்தமாக. தீர்மானம் தோற்றது. இதுவரை வாக்கில்லாதிருந்தவர்கள் தங்கள் முதல் வாக்கால், தங்களை வரவேண்டாம் என்றவரையே கதிரையில் மறுபடி இருத்தினார்கள்.

கடமைக்கு நேரமாகிவிட்டது. படியில் கணக்கப்பிள்ளையும் கூடவே இறங்கினார். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "உங்களுக்காகத்தானே நாங்கள் இவ்வளவும் செய்தது?"

"தெரியுங்க. நல்லாத்தான் செஞ்சீங்க. ஆனா டீக்கடையில ஒக்காந்து நீங்களாவே எங்களப் பத்திப் பேசிக்கிட்டீங்க. ஒரு நாளாச்சும் எங்கள வரச்சொன்னீங்களா? அவரு திட்டினாலும் எங்க மூஞ்சியப் பாத்துத் திட்டினாரு."

"அதுக்காக அவரையே வைக்கிறதோ?"

"குடுத்த ஆள அடுத்த நிமிஷமே எறக்கிட்டா, இன்னொருக்கா யாருங்க குடுப்பாங்க?"

வீதியில் சனம் தோளோடு தோள் நெருக்கியது. எங்கோ சாட்டைக்காரர் சாட்டையைச் சொடுக்கினார்கள். பெரஹரா புறப்படப் போகிறது. கணக்கப்பிள்ளைக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். அவர் குரலை உயர்த்தி என் காதுப் பக்கம் குனிந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் காரியதரிசி வேலைக்கு நாங்க ஒருத்தர நிறுத்தலாம்னு இருக்கோம்."

அது என் பதவி.

"வத்தேகம ஆளுகளும் சரின்னுட்டாங்க. பேர யாருகிட்டங்க எழுதிக் குடுக்கணும்?"

"என்னட்டைத்தான்," என்றேன். "ரெண்டு வாரத்துக்கு முன்னாலை. வாசிகசாலையிலை வைச்சு."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறந்துவிடாமல் இருக்க அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தபடி கூட்டத்துக்குள் புகுந்து போனார்.